திருவாதிரை என் முறை

கார்த்திகை 1, திங்கள்

முதல் சோமவாரமும் பிரதோஷமும் இன்றைக்கு ஒன்றாக வந்து தொலைந்தன. காலையில் நூற்றெட்டுச் சங்காபிஷேகம், சாயங்காலம் நந்திக்கும் சுவாமிக்கும் அபிஷேகம். சிவன் கோயில் குருக்களுக்கு வேலையே தண்ணீர் ஊற்றுவதுதான். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு வருஷமாக இந்தப் பாடு.

வெளியே போய்விட்டு வந்தால் மறுபடி குளித்து, மடி உடுத்தி, விபூதி பூசிக்கொண்டுதான் கருவறைக்குள் கால் வைக்கலாம். ஒரு காலைப் பொழுதுக்கு எத்தனை தரம் குளிப்பான் மனுஷன்? அதனால் எழுந்ததிலிருந்து உச்சிகாலம் முடிகிறவரைக்கும் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஊர் இதை விரதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. திருவாதிரைச் செலவை ஏற்கிற கட்டளைக்காரர் ரத்தினவேலு, அரிசி ஆலை வைத்திருப்பவர், இன்றைக்கும் சன்னதியில் நாலு பேர் எதிரில், "தியாகேச குருக்கள் மாதிரி ஆசாரம் யாருக்கு வரும்? பச்சத் தண்ணி பல்லுல படாது" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்து என்ன காரணம் சொல்வது?

கார்த்திகை 4, வியாழன்

நீலு வந்தான். சித்தப்பா பிள்ளை நீலகண்டன். என்னைவிட மூன்று வயது இளையவன். மாதத்தில் பதினைந்து நாள் எனக்கு, பதினைந்து நாள் அவனுக்கு என்று கோயில் முறை. விசேஷங்களும் அந்தக் காலத்திலேயே பிரித்தாகிவிட்டது. அன்னாபிஷேகம், பங்குனி உத்திரம் அவனுக்கு. சோமவாரம், திருவாதிரை எனக்கு. எங்கள் ஊர் நடராஜருக்காக வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். திருவாதிரையன்று விடியற்காலையில் அந்த அபிஷேகத்தைச் செய்கிறவன்தான் ஊருக்குக் குருக்கள், மற்றவன் சும்மா.

வருஷம் விட்டு வருஷம் திருவாதிரையைத் தனக்குத் தரக்கூடாதா என்று மறுபடி கேட்டான். தரமாட்டேன் என்று மறுபடி சொன்னேன். இவன் பூஜை பண்ணுகிற லட்சணம் தெரியாதா? பால் குடம் காலியாவதற்குள் கற்பூரத்தை ஏற்றிவிடுகிறான். நடுநடுவே கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நிற்கிறான், பெரிய மடிக்காரன் மாதிரி. எல்லாம் வேஷம்.

கார்த்திகை 8, திங்கள்

சுருக்கமாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன்.

பாதிச் சங்கு ஊற்றும்போதே தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். தீபாராதனை ஆனதும் நந்தவனத்துக்கு ஓடினால் ஒரு சொட்டு வரவில்லை. முட்டுகிறது, வரவில்லை. வீட்டுக்கு வந்தேன், வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. கத்தினேனாம், என் ஆத்துக்காரி அபயம் சொல்கிறாள். நீலுதான் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்து, கும்பகோணம் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

ஒரு நர்ஸம்மா குழாய் போட்டாள். என் பேத்தி வயது இருக்கும், பேத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால். வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. வடிய வடிய எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அந்த சுகத்தை என்னவென்று எழுதுவது.

கார்த்திகை 10, புதன்

டாக்டர் பெயர் செல்வின். திருநெல்வேலிப் பக்கம். நிதானமாகப் பேசுகிறார். பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு இருக்கவேண்டியதாம்; எனக்கு ஆரஞ்சு அளவுக்கு வீங்கிப் பாதையை நெரிக்கிறதாம். மாத்திரை தந்திருக்கிறார். ஐந்து நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பாராம், தானாகப் போனால் சரி.

தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வெரதம் இருந்தா சாமிக்குப் பிடிக்கலாம், கிட்னிக்குப் பிடிக்காது சாமி" என்றார். அபயம் என் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு வருஷத்து வசவையும் ஒரே சாயங்காலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கார்த்திகை 12, வெள்ளி

குழாயின் மறுமுனையில் ஒரு பை தொங்குகிறது. அதை அபயம் ஒரு மஞ்சப்பைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். பால்கார அம்மா வழிமறித்து, பிரசாதமா சாமி, ஒரு வாய் கொடுங்க என்று கையை நீட்டினாள். இன்னைக்கு இல்லை தாயே என்று திரும்பி வந்துவிட்டேன். கேட்டு அபயம் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. பிறகு நானும் சிரித்தேன்.

கோயிலுக்குள் போகமுடியாது. உடம்பில் இப்படி ஒன்று வடிந்துகொண்டிருக்கும்போது வாசற்படியே மிதிக்கக்கூடாது. தெருவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். என் பதினைந்து நாளையும் நீலு பார்க்கிறான். வேறு வழி?

கார்த்திகை 15, திங்கள்

குழாயை எடுத்தார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். வரவில்லை. மத்தியானம் மறுபடி போட்டார்கள்.

லேசர் ஆபரேஷன்தான் வழி என்கிறார் செல்வின். வெளியே கத்தி படாது. மூத்திரம் வருகிற வழியாகவே கருவியை விட்டு, லேசரால் அந்தச் சதையைப் பெயர்த்து, உள்ளேயே பொடித்து உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். ஐந்து வருஷத்துக்கு முன் என் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். என்னைப் போன்றவனுக்கு லேசர்தான் நல்லது, ரத்தப்போக்கு குறைவு என்றார்.

எனக்கு வேறொரு கவலை. அங்கஹீனம் உள்ளவன் சுவாமியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. ஒரு விரல் போனாலே கேள்வி வரும். உள்ளே இருக்கிற ஓர் உறுப்பை எடுத்தால் அது அங்கஹீனமா இல்லையா? கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. "உறுப்பு அப்படியே இருக்கும் சாமி. ஆரஞ்சுல தோல விட்டுட்டு சுளைய மட்டும் எடுக்கிற மாதிரி. தோல் உங்ககிட்டதான இருக்கு?" என்றார். ஆகமத்தில் ஆரஞ்சைப் பற்றி ஒன்றும் இல்லை. மனசு ஒருவாறு சமாதானமாயிற்று.

இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை பிறக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவாம். இந்த ஆபரேஷன் பண்ணிக்கொள்கிற எல்லாரிடமும் சொல்லிவிடுவது முறையாம். அறுபத்து நாலு வயதில் அதையும் கேட்டுக்கொண்டேன். அபயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குப் பிறக்கவே இல்லை.

கடைசியில்தான் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, வெகுநேரம் நிற்கக்கூடாது. திருவாதிரை மார்கழி பத்தொன்பது. ஆறு வாரத்துக்குள் வருகிறது. தள்ளிப்போட முடியுமா என்றேன். தள்ளிப்போட்டால் குழாயோடுதான் இருக்கணும் என்றார். குழாயோடு உள்ளே போக முடியாது. குழாய் இல்லாமல் இருக்க முடியாது. ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் குடம் தூக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த வருஷத் திருவாதிரை என் கையை விட்டுப் போகிறது. ஒரு தரம் நீலு கைக்குப் போனால் பிறகு வருமா?

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. அபயம் வாசலில் அகல் வைத்தாள், நான் மஞ்சப்பையோடு உட்கார்ந்து பார்த்தேன். கோயிலில் சொக்கப்பனை கொளுத்துகிற வெளிச்சம் மாடிச்சுவரில் தெரிந்தது. அசதியாக இருக்கிறது. எழுதவும் பிடிக்கவில்லை.

கார்த்திகை 19, வெள்ளி

இன்றைக்கு ஆபரேஷன்.

கார்த்திகை 20, சனி

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ என்று இருந்தது. விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ருத்ரம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. நாற்பது வருஷமாக நான் மறக்காத ருத்ரம். செல்வின் யாரிடமோ கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். ஒரு மிஷின் கொர்ரென்று ஓடியது, அதுதான் பொடித்து உறிஞ்சுகிறதாம்.

பெரிய பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் குழாய் வழியே உள்ளே போகிறது, சிவப்பாக வெளியே வருகிறது. ராத்திரி முழுக்க இதேதான். அபிஷேகம் எனக்கு நடக்கிறது என்று அபயத்திடம் சொன்னேன். அபசாரம் பேசாதீங்கோ என்றாள்.

கார்த்திகை 21, ஞாயிறு

நீலு பார்க்க வந்தான். அவன் ஆத்துக்காரி காலமானபிறகு மெஸ்ஸில் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆளே வற்றிவிட்டான். பெண் புனேயில் இருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு தரம் வருவாள். ஒரு சீப்பு பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கேள்வியாகக் கேட்டான். வலிக்கிறதா? எத்தனை நாள் படுக்கணும்? குழாயை எடுக்கும்போது எப்படி இருக்கும்? அப்புறம் தானாகப் போகுமா? மறுபடி நன்றாகிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னாரா?

எனக்குப் புரியாதா? நான் எத்தனை நாள் படுப்பேன், திருவாதிரைக்கு எழுந்திருப்பேனா மாட்டேனா என்று கணக்குப் போடுகிறான். வெடுக்கென்று பதில் சொன்னேன். எழுந்து போனான். வராந்தாவில் கழிப்பறைக் கதவருகே வெகுநேரம் நின்றான் என்று அபயம் சொன்னாள். அங்கே ஃபேன் இருக்கிறது, காற்று வாங்கியிருப்பான்.

கார்த்திகை 22, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்கள். போயிற்று! தானாகப் போயிற்று. எரிச்சல் உயிர் போகிறது, ஆனால் போயிற்று. மூன்றாவது சோமவாரச் சங்காபிஷேகத்தைப்போல நாலாவதும் நீலு கையில் போனதற்கு இன்றைக்கு வருத்தப்படவும் மறந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கார்த்திகை 26, வெள்ளி

போவது போகிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. இருமினால் சொட்டு, எழுந்தால் சொட்டு. சின்னக் குழந்தைக்கு வைக்கிற மாதிரி துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கா இத்தனை பாடு? கொஞ்ச நாளில் நின்றுவிடும், உள்தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி செய்யணும் என்கிறார் டாக்டர். செய்கிறேன். சாய்வு நாற்காலியில் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தியானத்தில் இருக்கிறார் என்று பேசாமல் திரும்பிப் போகிறார்கள் வந்தவர்கள்.

மார்கழி 2, புதன்

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை, வெறும் வீக்கம்தான் என்று வந்துவிட்டது. அபயம் எல்லாத் தெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைத்திருந்தாளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவளுக்கு இருந்த பயத்தில் பாதிகூட எனக்கு இல்லை.

மார்கழி 6, ஞாயிறு

சொட்டு குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி ஒரே ஒரு தரம் எழுந்தேன்.

காலையில் நீலு சாவிக்கொத்து விஷயமாக வந்தான். அரைமணி உட்கார்ந்திருப்பான். அவன் போனதும் அபயம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "ஏன்னா, நீலு வந்தா மூணு தரம் கொல்லைக்குப் போறான், பாத்தேளா? ஒரு வாய் காபி குடுத்தா வேண்டாங்கறான்."

மார்கழிக் குளிர், எல்லாருக்கும்தான் வரும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அவனுக்கு என்ன வந்தால் எனக்கென்ன? நான் என்ன டாக்டரா?

மார்கழி 11, வெள்ளி

ரத்தினவேலு பஞ்சாயத்துக்கு வந்தார். இந்த வருஷம் திருவாதிரைக்கு யார் என்று தெரியாமல் கட்டளைக்காரர் எப்படிப் பத்திரிகை அடிப்பார்? வெளியூர்க் குருக்கள் ஒருவரை என் சார்பில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பங்காளி உயிரோடு இருக்கும்போது வெளியாள் எப்படி என்று நீலு கேட்டான். கேட்டதும் நியாயம்தான், அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் ஒன்று முடிவாயிற்று. முறை என்னுடையது, கை அவனுடையது. நான் உள்ளே பலகை போட்டு உட்கார்ந்து மஞ்சள், சந்தனம், விபூதி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கவேண்டியது. நீலு நின்று ஊற்றவேண்டியது. பத்திரிகையில் என் பெயர்தான். ரத்தினவேலு எழுந்திருக்கும்போது சொன்னார், "ரெண்டு பேருல யாரா இருந்தாலும் சரி சாமி, ஆரம்பிச்ச அபிஷேகத்த வுட்டுட்டு நடுவுல மட்டும் எறங்கிடாதீங்க. அது ஊருக்கு ஆகாது." நீலு தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

மார்கழி 16, புதன்

செல்வின் உட்கார அனுமதி கொடுத்தார். குடத்தைத் தொட்டால் ரத்தம் வரும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்றார். சொட்டு நின்று நாலு நாள் ஆகிறது. இன்று கொல்லையில் நின்றபோது சத்தத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபது வயசில் கேட்ட சத்தம். அபயத்தைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்து, மானம் கருதி விட்டுவிட்டேன்.

மார்கழி 18, வெள்ளி

நாளை திருவாதிரை. களிக்கு அபயம் அரிசி வறுத்து வைத்திருக்கிறாள். உள்ளே போகப்போகிறேன் என்று நினைத்தால் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அவன் ஊற்றுவதை உட்கார்ந்து பார்க்கணுமே என்று வயிற்றெரிச்சல். சீக்கிரம் படுக்கிறேன்.

மார்கழி 19, சனி. திருவாதிரை

எப்படி நடந்ததோ அப்படியே எழுதிவிடுகிறேன்.

விடியற்காலம் நாலு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. ஓதுவார் பாட ஆரம்பித்தார். நான் நடராஜர் சன்னதிக்குள்ளே இடப்பக்கம் பலகையில் உட்கார்ந்தேன். எண்ணெய்க்காப்பு ஆயிற்று, மாப்பொடி ஆயிற்று, மஞ்சள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே சுத்த ஜலம். நீலு இன்றைக்கு அவசரப்படவே இல்லை. குடம் குடமாக, நிதானமாக ஊற்றினான். நன்றாகவே செய்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பால் முடிந்து தயிர் எடுத்துக் கொடுத்தேன். வாங்குகிற கை சில்லிட்டிருந்தது. முகத்தைப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து அழுத்தினான். உதட்டைக் கடித்தான். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான்.

இதெல்லாம் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருஷம் நான் நின்ற நிலை. கிணற்றடிக்கு ஓடிப்போய்க் குளித்தது, அவசர அவசரமாகக் கற்பூரம் ஏற்றியது, ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி, அபயம் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் அறைந்தது. நான்தான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னும் தேன், கரும்புச்சாறு, இளநீர், சந்தனம், விபூதி, கடைசியில் பெரிய கலசம் எல்லாம் பாக்கி. அவனால் முடியாது. நடுவில் விட்டு ஓடுவான், இல்லாவிட்டால் சுவாமி எதிரிலேயே வேட்டி நனைந்துபோகும். எதுவானாலும் இத்தனை ஜனத்துக்கு முன்னால். அதன்பிறகு நீலுவுக்குத் திருவாதிரை இந்த ஜன்மத்தில் கிடையாது. கேட்கக்கூட வாய் வராது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்துதான் இருந்தேன். தேன் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது என்னைப் பார்த்தான். கண் நிறையத் தண்ணீர். "அண்ணா" என்றான், அவ்வளவுதான், சத்தமே வரவில்லை.

நான் சன்னதித் திரையை இழுத்து மூடினேன். அப்புறம் மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "நீலு, எனக்கு அடக்க முடியலைடா. ஒண்ணுக்கு வந்துடுத்து. என்னைக் கொல்லைப்பக்கம் அழைச்சுண்டு போ."

ஓதுவார் பாட்டு ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடர்ந்தது. வெளியே அடடா, பாவம், இப்போதா என்று முணுமுணுப்பு கேட்டது. இவர் எதுக்கு உள்ளே வந்து உட்காரணும் என்று யாரோ சொன்னதும் கேட்டது. சன்னதிக்குள் வந்து என்னைத் தூக்க வேறு யாருக்கும் அனுமதி இல்லை, நீலுதான் வந்தாகவேண்டும். என் கையைப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்கு அவன் என்னைத் தாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்திருக்கும். உண்மையில் அவன் என் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான்.

நந்தவனத்துக் கழிப்பறையில் அவன் நின்றான். வெளியே நான் நின்றேன். வரவில்லை அண்ணா, வரவில்லை என்று குழந்தைபோல் அழுதான். அவசரப்படாதே, மூச்சை விடு, எத்தனை நேரமானாலும் திரைக்கு யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கிணற்றில் நானே இறைக்கப் போனேன். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான், உங்களுக்கு ரத்தம் வரும் என்றான். குளித்து, ஈர வேட்டியோடு, விபூதி பூசிக்கொண்டான். உள்ளே போகுமுன் நின்று, "ஏன் அப்படிச் சொன்னேள்? எல்லாரும் உங்களையில்ல பேசறா" என்றான்.

"பேசினா பேசட்டும். சுவாமி காத்துண்டிருக்கார், போ."

நான் திரும்ப உள்ளே போகவில்லை. நடுவில் இறங்கியவன் நான்தானே. மண்டபத்தில் ஜனங்களோடு போய் நின்றேன். எனக்கு வழிவிட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே விலகி நின்றார்கள். திரை விலகியது. விபூதி அபிஷேகம் உச்சந்தலையிலிருந்து இறங்குவதை எதிரே நின்று நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பக்கவாட்டில் நின்று குடம் பிடிக்கிறவன். இத்தனை அழகா என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு வலி என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

மார்கழி 20, ஞாயிறு

ரத்தினவேலு காலையிலேயே வந்தார். நீலுவும் இருந்தான், அபயம் மெஸ்ஸுக்குப் போகக்கூடாது என்று அதட்டி, சமையலறையில் தட்டு போட்டிருந்தாள். ரத்தினவேலு உடம்பு எப்படி, பனி அதிகம், நெல் விலை என்று சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனக்காதீங்க சாமி. ஒங்க ஒடம்பு இனிமே தாங்காது. ஊர்லயும் எல்லாரும் நேத்து நடந்ததத்தான் பேசுறாங்க. அடுத்த வருசத்துலேருந்து திருவாதிரைய நீலகண்ட குருக்களே பாக்கட்டுமே."

சமையலறையில் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. நீலு எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டான், வாயையும் திறந்துவிட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் நின்றான்.

"சரி" என்றேன்.

ரத்தினவேலுவுக்கு நிம்மதி. இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைத்திருக்கமாட்டார். அவர் போனதும் நீலு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தான். சொல்லி என்ன ஆகும்? இரண்டு பேருக்கும் முடியவில்லை என்று வெளியாளைக் கொண்டுவந்து வைப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நாளைக்குக் காலையில் என்னோடு கும்பகோணம் வா, செல்வினிடம் சொல்லியாகிவிட்டது என்றேன். அபயம் இன்னொரு கரண்டி களியை அவன் தட்டில் போட்டாள். என் தட்டிலும் போட்டாள். நேற்று நான் எதற்காக வெளியே வந்தேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வயிறு எரியத்தான் எரிகிறது. நாற்பது வருஷத்தை ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு மார்கழியும் எரியும், தெரியும்.

நீலு போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றான். அறுபத்தோரு வயதுக்காரன். "ஆஸ்பத்திரியில ராத்திரி என்னோட யாரு அண்ணா இருப்பா?" என்று கேட்டான்.

"நான் இருக்கேன்டா. போய்த் தூங்கு."